ஊமைச்சி சுடாது

"கீழே ஒருத்தர் துப்பாக்கியோட வந்து நிக்கிறாரு மேடம்" என்று பானு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, கோகிலவாணி கேட்ட முதல் கேள்வி, "எந்தத் துப்பாக்கி?" என்பதுதான்.

வேறு எந்த ஆபீசிலாவது இப்படி ஒரு கேள்வி வருமா? ஆள் யார், போலீசுக்குச் சொல்லியாச்சா என்றுதான் கேட்பார்கள். ஆனால் வாணியின் பிழைப்பு அப்படி. சரவணம்பட்டியில் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே துப்பாக்கிகளைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்பதற்குத்தான். நிஜத் துப்பாக்கி எதையும் அவள் கையால் தொட்டது கிடையாது. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டாள், சத்தம் ஆகாது.

"நம்ம ஊமைச்சி மாதிரியே இருக்குது மேடம். பச்சைக் குழாய், அடியில பேட்டரி. வாட்ச்மேன் அண்ணன் நெஞ்சுக்கு நேரா பிடிச்சிருக்காரு." வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்கும் பானுவுக்கு இப்போது உதடு துடித்தது.

"அட, ஊமைச்சியா!" வாணி சிரித்தேவிட்டாள். "அதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்தே? உட்காரு, தண்ணி குடி. அது சுடாது."

ஏன் அவ்வளவு தைரியம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டுக் கீழே போவோம்.

ஊமைச்சி என்பது அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற ஒரு துப்பாக்கி. விளையாட்டுக்குப் பெயர் 'கரிக்காலம்'. மழை பொய்த்து, மின்சாரம் செத்து, ஊர் ஊராக எரிந்து முடிந்த ஓர் எதிர்காலக் கொங்குநாடு. மிஞ்சிய கொஞ்சம் பேர், இடிந்த மில்களிலும் மோட்டார் பட்டறைகளிலும் கிடக்கிற காயலான்கடைச் சாமானைப் பொறுக்கி, தங்களுக்கு வேண்டிய ஆயுதத்தைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். ஆடுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெடிமருந்தே இல்லாத உலகத்தில் இது எப்படிச் சுடும், சீலிங் ஃபேன் கம்பி இவ்வளவு சூடு தாங்குமா என்று எழுதியே கிழித்துத் தொங்கவிடுவார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் பம்ப் கம்பெனியில் டிசைனராக இருந்த வாணியைக் கொத்திக்கொண்டு வந்தார்கள். ஓர் ஆயுதம் நிஜ உலகத்தில் நடக்கக்கூடியதுதானா என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்து, 'நம்பலாம்' என்று முத்திரை குத்தினால்தான் அது விளையாட்டுக்குள் போகும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தெருவுக்குத் தெரு வந்துவிட்ட உலோகம் அச்சடிக்கிற கடைகளால். முன்பெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கப் போவது மாதிரி, இப்போது படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் இரும்பிலேயே சாமான் தயார். விளையாட்டிலோ ஒவ்வொரு ஆயுதத்தின் வரைபடமும் முழுசாகத் தெரியும். அதில் இருப்பது அத்தனையும் உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து, வாணி பல நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முத்திரை குத்துவதற்கு முன்னால், வரைபடத்தில் ஒரே ஓர் எண்ணை லேசாக மாற்றிவைத்துவிடுவாள். விளையாட்டுக்குள் அது ஜோராகச் சுடும், அதற்கு உள்ளே தனி ஏற்பாடு உண்டு. அந்தப் படத்தை வெளியே எடுத்துச் செய்தால் புஸ்வாணம்தான். லட்சணமான குழந்தைக்குக் கன்னத்தில் கறுப்பாக மை தீற்றுகிறோமே, அது மாதிரி. மனசுக்குள் அவள் அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்றே பெயர் வைத்திருந்தாள். ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் நாற்பது பேருக்குத் தெரியும், அதில் ஒருத்தன் உட்கார்ந்து பொட்டு எங்கே என்று தேடித் துடைத்துவிடுவான்.

போன மாதம் டிவிக்காரர்கள், 'விளையாட்டு துப்பாக்கி செய்யக் கற்றுக்கொடுக்கிறதா?' என்று ஒரு பிடி பிடித்தார்கள். முதலாளி அமர்நாத் வியர்த்து வழிய வந்து வாணியைக் கேமரா முன்னால் உட்கார வைத்தார். அவளும் பொட்டு இருக்கிற தெம்பில், "ஊமைச்சி சுடாது. யார் செஞ்சாலும் சுடாது. சந்தேகமா இருந்தா நானே முன்னால நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வீடியோத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. பனியனில்கூட அச்சடித்து விற்றார்கள், 'ஊமைச்சி சுடாது' என்று.

வாணி படியிறங்கிக் கீழே வந்தாள்.

துப்பாக்கி பிடித்திருந்த ஆளைப் பார்த்தால் ரவுடி மாதிரியே இல்லை. நாற்பதை ஒட்டிய வயது, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. கையில் இருப்பதை மட்டும் பிடுங்கிவிட்டால், கரண்ட் பில் கட்ட வந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாட்ச்மேன் சுவரோடு ஒட்டி இரண்டு கையையும் தூக்கியிருந்தார். அமர்நாத் கண்ணாடி அறைக்குள் மேசைக்குப் பின்னால் குனிந்து போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். முதல் மாடி வராந்தாவில் படம் வரைகிற பிள்ளைகள் கூட்டமாக நின்று, ஆளுக்கொரு செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாணி மேடமுங்களா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"நாட்ராயனுங்க. இருகூரு. மில்லுல எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசரா இருந்தேன். விளையாட்டுல என்ற பேரு இருகூரான்."

வாணிக்குத் தெரியாமல் இருக்குமா! ஊமைச்சியை முதன்முதலில் விளையாட்டுக்குள் செய்து காட்டியவரே அவர்தான். வெடிமருந்து வேண்டாம், செப்புக் கம்பிச் சுருளும் மின்சாரமும் போதும், காந்தமே குண்டை இழுத்து எறியும், சத்தமும் வராது என்று அவர் கொடுத்த யோசனையைத்தான் கம்பெனி மெருகேற்றி வைத்தது. சத்தம் போடாததால் ஆடுகிறவர்களே அதற்கு ஊமைச்சி என்று பேர் வைத்தார்கள். வாணியின் பேட்டி வந்தபிறகு இந்த மனுஷனை 'சுடாத துப்பாக்கி நாட்ராயன்' என்று கேலி செய்து ஓட்டியதையும் அவள் படித்திருந்தாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"சுடும்னு சொல்லுங்க மேடம். முந்தி கேமராவுல சுடாதுன்னு சொன்னீங்கல்லங்க, அதே மாதிரி கேமராவுலயே சொல்லோணும். இப்பவே சொல்லோணும்."

"எதுக்குங்க இப்படி? ஒரு போன் பண்ணியிருந்தா பேசியிருக்கலாமே."

"நேரமில்லீங்க. அங்க பசங்க வந்துங்க..."

"நீங்க கொஞ்சம் இருங்க, நான் பேசிக்கறேன்." வாணி கையமர்த்தினாள். பதட்டத்தில் இருக்கிறவர்களைப் பேசவிட்டால் இன்னும் ஏறும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். "உங்க யோசனை அருமையான யோசனைங்க. அதுல யாருக்கும் சந்தேகமில்லை. ஆனா நிஜத்துல சுடாது. நான் டிவியில சொன்னதுதான். நானே முன்னால நிக்கிறேன்னு சொன்னேன், பாருங்க, வந்து நின்னுட்டேன்."

வாட்ச்மேனைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, அவர் நின்ற இடத்தில் போய் நின்றாள். பச்சைக் குழாயின் வாய் அவள் நெஞ்சுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. படிக்கட்டில் பானு, "அய்யோ மேடம், வேண்டாம்!" என்று அலறினாள். வாணிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப்பார்த்தது, பொய் சொல்வானேன்.

நாட்ராயனுக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது. "தள்ளிப் போங்க மேடம். துப்பாக்கி முன்னால வந்து நிக்கிற பழக்கமே ஆகாதுங்க."

"சுடாத துப்பாக்கிதானேங்க!"

அந்த நேரம் பார்த்து, டீ கிளாசும் கையுமாகப் பின்வழியாக உள்ளே வந்தான் பிரிட்டோ. தூத்துக்குடிப் பையன், ஆயுதப் பிரிவில் வாணிக்கு அடுத்தபடி. நிலைமையைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான், ஒரு வாய் டீ உறிஞ்சினான்.

வாணிக்கு அதுதான் உறுத்தியது. அவளுக்குப் பயமில்லை என்றால் காரணம் இருக்கிறது. இவனுக்கென்ன வந்தது?

"நீ மேல போ பிரிட்டோ."

"ஒண்ணும் ஆகாதுக்கா. அது சுடாதுல்லா." பக்கத்தில் வந்து அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "நீங்க டிவில சொன்னதுக்காவ சொல்லல. உங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லலக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. பொங்கல் அப்டேட்டுல நான் ஒரு சின்ன வேலை பாத்து வச்சிருக்கேன். வெளிய எடுத்துச் செஞ்சா சுடாத மாதிரி."

வாணிக்குச் சட்டென்று காது அடைத்த மாதிரி இருந்தது. "என்ன வேலை?"

"குண்டு கொஞ்சம் லேட்டா நகர்ற மாதிரி. அது வந்து சேருறதுக்குள்ள கரண்ட் நின்னுரும். தள்ளிவிட ஆளில்லாம குழாய்க்குள்ளயே கிடந்துரும். எவனாவது நெசமாவே செஞ்சுத் தொலைச்சிரக் கூடாதுன்னுதான்க்கா..."

"பிரிட்டோ." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் ஆரம்பத்துலயே கரண்ட் லேட்டா நிக்கிற மாதிரி மாத்தி வச்சிருக்கேன். குண்டு தாண்டிப் போனதுக்கப்புறமும் காந்தம் விடாம பின்னால இழுத்து நிறுத்தற மாதிரி."

பிரிட்டோ டீயை உறிஞ்சப் போனவன் அப்படியே நின்றான். அவன் கணக்குப் போடுவது வாணிக்குத் தெரிந்தது. அவளும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எக்கா... ஆளும் பஸ்ஸும் சேந்துரக் கூடாதுன்னு நீங்க பஸ்ஸை லேட்டா எடுக்கச் சொல்லிட்டிய..."

"நீ ஆளை லேட்டாக் கிளப்பி விட்டுட்டே."

"ரெண்டும் ஒரே நேரத்துக்கு ஸ்டாப்புக்கு வருது."

இரண்டு பேரும் அவரவர் பொட்டை மட்டும்தான் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ரகசியமாயிற்றே, அடுத்தவர் கண்ணில் படாமல் அவசர அவசரமாகப் பார்த்து மூடிவிடுவது. வரைபடத்தை முழுசாக எடுத்து, நிஜ உலகத்தில் இது சுடுமா என்று பொங்கலுக்குப் பிறகு யாருமே கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் வாணி. சுடாது என்று தெரிந்த ஒன்றை அவள் எதற்காகக் கேட்கப் போகிறாள்?

ஆக, அவள் நெஞ்சுக்கு ஒரு கை தூரத்தில் இருப்பது நிஜத் துப்பாக்கி.

அப்போது வந்த பயம் மாதிரி ஒரு பயம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஸ்கூலிலிருந்து மகள் வரும் நேரம், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க மறந்துவிட்டேனே என்று சம்பந்தமே இல்லாமல் ஒரு நினைப்பு. ஓடினால் அழுத்திவிடுவாரோ? ஓடாமல் நின்றாலும் அழுத்தலாம். சுடாது சுடாது என்று நாம்தானே இத்தனை நேரம் அந்த ஆளை உசுப்பேற்றிக்கொண்டிருந்தோம்?

"நாட்ராயன் சார்." இரண்டு கையையும் தூக்கினாள். "சுடுங்க. அய்யோ, சுடாதீங்க! அது சுடுங்கன்னு சொல்ல வந்தேன். சுடும். நான் சொன்னது தப்பு."

அவர் கூர்ந்து பார்த்தார். "பயத்துல சொல்றீங்களா, நெசமாவே சொல்றீங்களா?"

"சத்தியமா நெசம். யாரும் செஞ்சிடக் கூடாதுன்னு நான் அதுல ஒரு தப்பு வச்சேன். எனக்குத் தெரியாம இந்தத் தம்பியும் ஒரு தப்பு வச்சிருக்கான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டு சரியாப் போச்சு. இப்பத்தான், இந்த நிமிஷம்தான் எனக்கே தெரியும். தயவு பண்ணி அதைக் கீழ இறக்குங்க."

நாட்ராயன் இறக்கினார். இறக்கினது மட்டுமில்லை, அங்கேயே சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"அதானுங்க மேடம்! அதைச் சொல்லத்தானுங்க நான் வந்ததே!"

துப்பாக்கியின் அடிமூடியை நகத்தால் நெம்பித் திறந்து காட்டினார். பேட்டரியிலிருந்து போகும் சிவப்பு வயர் கத்தரித்து, நுனியில் டேப் சுற்றியிருந்தது. "இது சுடாதுங்க. வயரை வெட்டிட்டுத்தான் பஸ் ஏறுனேன். நாலு பேரு இருக்கற எடத்துக்கு இதை உசுரோட கொண்டு வர முடியுங்களா? என்ற மனசு கேக்குங்களா?"

வாணி அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரிட்டோ தன் டீயை அவளிடம் நீட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, நாட்ராயனிடம் கொடுத்தான்.

அவர் சொன்னது இதுதான். போன வருஷம் ஒருமுறை ஊமைச்சி செய்து பார்த்திருக்கிறார். புஸ். வாணியின் பேட்டி வந்து எல்லோரும் கேலி செய்ததும், வைராக்கியமாக, பொங்கலுக்குப் பிறகு வந்த புது வரைபடத்தை வைத்து மறுபடி செய்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து அழுத்தினார். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறி, எதிர்வீட்டுச் சுவரில் போய்ப் பதிந்தது. அதைப் படம் பிடித்துப் போட்டால், கிராஃபிக்ஸ் என்று சிரித்தார்கள். கோபத்தில், 'நீங்களே செஞ்சு பாருங்கடா' என்று அச்சடிக்கத் தோதாக மொத்த வரைபடத்தையும் எடுத்து நெட்டில் போட்டுவிட்டார்.

"செஞ்சு பாத்தாங்களா?" என்று பிரிட்டோ கேட்டான்.

நாட்ராயன் தன் போனை எடுத்துக் காட்டினார். ஒரு வீடியோவில் இரண்டு பையன்கள், ஒருத்தன் மற்றவன் நெற்றியில் ஊமைச்சியை வைத்து அழுத்துகிறான், இரண்டு பேரும் கோரஸாக, "சந்தேகமா இருந்தா நானே முன்னால நிக்கிறேன்!" என்று கத்திச் சிரிக்கிறார்கள். அடுத்ததில் ஒரு கல்யாண வீடு, மாப்பிள்ளை, மச்சினன் நெஞ்சில் வைத்து அழுத்துகிறான். இன்னொன்றில் ஒரு பெண், புருஷன் தலையில். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"இதுக்கு சவால்னு பேரு வச்சுட்டானுங்க. நீங்க சுடாதுன்னு சொன்னதுனால எவனுக்கும் பயமில்லீங்க. எல்லாம் அரைகுறையாச் சார்ஜ் ஏத்திட்டு அழுத்தறானுங்க, அதான் இன்னும் ஒண்ணும் ஆகலை. எவனாச்சும் ஒருத்தன் நல்லா ஊற வச்சு, முழுசா சார்ஜ் ஏத்திட்டு அழுத்துனான்னா..." போனை மடியில் கவிழ்த்தார். "நான் சொன்னா எவன் கேக்கறான்? அழிச்சுட்டேன், ஆனா அது ஊரு பூரா போயிடுச்சுங்க. உங்க கம்பெனிக்கு எழுதி எழுதிப் பாத்தேன், 'தங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு மட்டும் வருது. வெறுங்கையோட வந்தேன், கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. இதைத் தூக்கிட்டு வந்தேன், உடனே எறங்கி வந்துட்டீங்க."

வாணிக்கு அவமானமாக இருந்தது. பசங்க என்று அவர் ஆரம்பித்தபோதே வாயை மூட வைத்தது நினைவுக்கு வந்தது.

போலீஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெட்டின வயரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கா கட்டடத்தையே சுத்தி வளைச்சோம்? வயரே இல்லை. பொம்மை."

"இல்லைங்க சார், அந்த வயரை ஒட்டுனா சுடும்" என்றாள் வாணி.

"நீங்கதானேம்மா டிவியில சுடாதுன்னு சொன்னது? என் பையன் அந்த பனியனைப் போட்டுட்டுத்தான் திரியறான்." அவர் சிரித்துக்கொண்டே நாட்ராயனின் தோளில் கை வைத்தார். "வாங்க, ஸ்டேஷன்ல போய்ப் பேசுவோம்."

நாட்ராயன் எந்த எதிர்ப்பும் இல்லாமல் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "மேடம், சொல்லீருங்க. சீக்கிரம் சொல்லீருங்க" என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடி அறையிலிருந்து அமர்நாத் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மறுபடி வியர்த்தது. "வாணி, கொஞ்சம் பொறுமையா இருங்க. வக்கீல்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுவோம். சுடும்னு நம்ம வாயால சொன்னா நாளைக்குக் கம்பெனிக்குப் பூட்டுதான். எத்தனை பேரு குடும்பம் இருக்கு, யோசிங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இங்க வந்து நிக்கறோம்" என்று சொல்லிவிட்டு, வாணி தன் சொந்தப் போனை பிரிட்டோ கையில் கொடுத்தாள். சோபாவில் உட்கார்ந்தபடியே, தலையைக்கூடச் சரிசெய்யாமல் பேசினாள். ஊமைச்சி சுடும் என்றாள். தான் சொன்னது தப்பு என்றாள். தான் வைத்த பொட்டு, பிரிட்டோ வைத்த பொட்டு, பஸ், ஆள் எல்லாவற்றையும் சொன்னாள். வைத்திருக்கிறவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், யாரையும் பார்த்து நீட்டாதீர்கள், விளையாட்டுக்குக்கூட நீட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிரிட்டோ அதை அப்படியே போட்டான்.

முதல் பதில் வர ரொம்ப நேரம் ஆகவில்லை.

'பாவம் வாணியக்கா. துப்பாக்கி முனையில நிறுத்தினா யாரா இருந்தாலும் இப்படித்தான் சொல்வாங்க.'

கூடவே ஒரு வீடியோ. மாடி வராந்தாவிலிருந்து எடுத்தது. பச்சைக் குழாய்க்கு முன்னால் அவள் நடுங்கிக்கொண்டு நிற்பதும், "சுடும், நான் சொன்னது தப்பு" என்று கெஞ்சுவதும் தெளிவாகத் தெரிந்தது. நாட்ராயன் அழுதது அதில் இல்லை. வயரைக் காட்டியதும் இல்லை. அதற்குள் எல்லோரும் பயந்து போனை மடக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருந்தார்கள்.

அடுத்தது, 'மிரட்டிச் சொல்ல வச்சிருக்கான் அந்த சைக்கோ. நம்பாதீங்க மக்களே.' அதற்கடுத்தது, 'புது சீசன் வருது போல, செம விளம்பரம்.' அப்புறம் செய்திச் சேனலின் கீழ்வரி ஓடியது: 'கோவையில் பரபரப்பு. சுடாத பொம்மைத் துப்பாக்கியுடன் வந்தவர் கைது.' அதை எடுத்து ஒட்டி, 'பாத்தீங்களா, போலீசே சொல்லிட்டாங்க' என்று ஒருத்தன் எழுத, ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு இதயம் போட்டார்கள்.

"வேற என்னக்கா செய்ய?" பிரிட்டோவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நாமளே ஒண்ணு செஞ்சு சுட்டுக் காட்டுனாக்கூட கிராஃபிக்ஸ்ன்னுதான் சொல்லுவானுவ."

வாணி ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே போய், 'சுடும்', 'சுடும்' என்று தட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப் போகிற வழியில் ஒரு நேரலை வந்தது. ஏதோ ஓர் ஊர் மொட்டைமாடி, வெயில் தாழ்ந்த நேரம், கொடியில் வேட்டி காய்ந்தது. இரண்டு பையன்கள். மீசை சரியாக முளைக்காதவன் ஒருத்தன் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், மற்றவன் கையில் ஊமைச்சி.

"காலையில இருந்து சார்ஜ்ல போட்டிருக்கோம் மக்களே, ஃபுல் சார்ஜ்!" என்றான் அவன்.

வாணி, 'சுடும். கீழே போடு. நான் வாணி. கோகிலவாணி. நிஜமாகச் சொல்கிறேன், சுடும்' என்று விரல் தடுக்கத் தடுக்கத் தட்டினாள். பிரிட்டோவும் தன் போனில் தட்டினான். பானு ஓடிவந்து தன் போனில் தட்டினாள்.

தொட்டியில் சாய்ந்திருந்தவன் குனிந்து, எதிரே நிறுத்திவைத்திருந்த போனின் திரையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "டேய், வாணியக்காவே நம்ம லைவுக்கு வந்துட்டாங்கடா! அக்கா, வணக்கம்க்கா! உங்க ஃபேன்க்கா நாங்க! சுடுமாம்டா!"

"சுடுமா? அப்ப நில்லு, பாத்துருவோம்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பில் போன் சரிந்து, திரையில் வானமும் கொடியின் ஓர் ஓரமும் மட்டும் தெரிந்தன. சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அது நின்றது.

வாணி போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்காது. ஊமைச்சி சுட்டாலும் கேட்காது, அந்தக் கணக்கைச் சரிபார்த்து நம்பலாம் என்று முத்திரை குத்தியதே அவள்தான். யாராவது ஒருத்தன், இரண்டு பேரில் யாராவது ஒருத்தன், ஒரே ஒரு வார்த்தை பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள்.